வாங்குற முனையில் நின்றவர்: ஜகதீஷ் சந்திர போஸ்

ஒரு மொபைல் ரோபோவை ஸ்டார்ட் பண்ணி லேப்டாப்போட கனெக்ட் பண்றது எப்படின்னு இந்த இதழைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாத ஜூனியர்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். முதல்ல சக்கரம் தரையில படாம ரோபோவை ஒரு டப்பா மேல தூக்கி வைக்கணும். பேட்டரி வோல்டேஜை மல்டிமீட்டர்ல பார்க்கணும். ஆர்டுயினோ, மோட்டார் டிரைவர், ப்ளூடூத் மாட்யூல் மூணுக்கும் கிரவுண்டு ஒண்ணா இருக்கணும். ஸ்விட்சைப் போட்டதும் மாட்யூல்ல சிவப்பு எல்இடி படபடன்னு மின்னும். இன்னும் யாரும் என்னோட சேரலைன்னு அதுக்கு அர்த்தம். லேப்டாப்ல ப்ளூடூத்தைத் திறந்து, 1234ன்னு பின் நம்பர் கொடுத்து, எந்த காம் போர்ட்னு பார்த்து, பாட் ரேட் 9600ன்னு வச்சு சீரியல் விண்டோவைத் திறந்தா அந்த மின்னல் நிதானமாகும். அப்புறம் கீபோர்டுல ஒரு எழுத்தைத் தட்டி அனுப்பினா சக்கரம் சுத்தும்.

சுத்துச்சுன்னா சந்தோஷம். சுத்தலைன்னா என்ன பண்றோம்? லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்றோம், சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் பண்றோம், அதே எழுத்தைப் பத்துத் தடவை தட்டுறோம். அதாவது அனுப்புற பக்கத்தையே போட்டுக் குடையுறோம். கோளாறு பல நேரம் வாங்குற பக்கத்துலதான் இருக்கும். மாட்யூலோட டிஎக்ஸ் கம்பி போர்டோட ஆர்எக்ஸ்ல போகாம டிஎக்ஸ்லயே போயிருக்கும். இல்லைன்னா மோட்டார் இழுக்கிற கரண்டுல போர்டே ரீசெட் ஆகிக்கிட்டு இருக்கும்.

கம்பியில்லாத் தொடர்புன்னா அனுப்புறவங்க பேர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா வாங்குற முனையிலேயே வாழ்நாள் பூரா நின்னு வேலை பார்த்த ஒருத்தர் நம்ம நாட்டுல இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸ். பத்தாம் வகுப்புப் புத்தகத்துல செடிக்கு உயிர் இருக்குன்னு சொன்னவர்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. ஈசிஇ, ட்ரிபிள்ஈ, மெக்கட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கு அவர் அதைவிட நெருக்கமான சொந்தக்காரர்.

மீனவர் மகன் பக்கத்துல ஒரு இடம்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, வங்காளத்துல மைமன்சிங்ல. இன்னைக்கு அது பங்களாதேஷ். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசாங்கத்துல டெபுடி மாஜிஸ்ட்ரேட். அந்தக் காலத்துல அப்படிப்பட்ட அதிகாரி வீட்டுப் பிள்ளைன்னா நேரா இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். அப்பா அப்படிச் செய்யலை. பரீத்பூர்ல ஒரு வங்காளி வழிப் பள்ளியில சேர்த்தார். இங்கிலீஷ் பிறகு படிச்சுக்கலாம், முதல்ல தாய்மொழியையும் தன் ஊர் ஜனங்களையும் தெரிஞ்சுக்கணும்ங்கிறது அவர் எண்ணம்.

அந்த வகுப்புல ஜகதீஷுக்கு ஒரு பக்கத்துல உட்கார்ந்தவன் அப்பாவோட ஆபீஸ்ல வேலை பார்த்த முஸ்லிம் சேவகரோட மகன். இன்னொரு பக்கத்துல ஒரு மீனவர் மகன். பறவை, மிருகம், தண்ணிக்குள்ள இருக்கிற ஜீவன்கள் பத்தி அந்தப் பசங்க சொன்ன கதையை வாயைப் பிளந்து கேட்டதாகவும், இயற்கையைத் துருவிப் பார்க்கிற ஆசை தனக்கு அங்கதான் வந்ததுன்னும் வயசான பிறகு போஸே ஒரு கூட்டத்துல சொல்லியிருக்கார். பையனைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனவர் ஜெயில்ல இருந்து வெளிய வந்த ஒரு பழைய கொள்ளைக்காரர். அவருக்கு வேலை கொடுத்து வீட்டுல வச்சதும் அந்த அப்பாதான்.

இந்த இடத்தைப் படிச்சதும் எனக்கு எங்க ஊர்தான் கண்ணுக்கு முன்னாடி வந்தது. எங்க ஊர் கடியப்பட்டணம். குமரி மாவட்டத்துல முட்டத்துக்குப் பக்கத்துல, வள்ளியாறு கடல்ல சேர்ற இடம். நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். கரையில வலை பின்னுற தாத்தாமாருக்கு ஒவ்வொரு காத்துக்கும் ஒரு பேர் தெரியும். தண்ணியோட நிறத்தைப் பார்த்தே நீரோட்டம் எந்தப் பக்கம்னு சொல்வாங்க. என் சயின்ஸ் புத்தகத்துல அதுல ஒண்ணுமே வந்தது இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரு பக்கம், நான் பரீட்சைக்குப் படிச்சது இன்னொரு பக்கம்னு ரெண்டும் ஒட்டாமலே இருந்தது. 160 வருஷத்துக்கு முன்னாடி ஒரு அப்பா அந்த ரெண்டையும் ஒரே பெஞ்சுல உட்கார வச்சிருக்கார்.

மூணு வருஷம் சம்பளம் வாங்காத வாத்தியார்

அப்புறம் ஜகதீஷ் கல்கத்தா போனார். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில ஃபாதர் லாஃபோன்ட்ங்கிற பாதிரியார் இயற்பியலைச் சோதனை செஞ்சு காட்டியே நடத்துவார். அந்தப் பிடிப்பு போஸுக்குக் கடைசி வரைக்கும் விடலை. 1880ல மருத்துவம் படிக்க லண்டன் போனார். அடிக்கடி வந்த காய்ச்சல் அவரைப் படுத்தி எடுத்தது. டிஸெக்‌ஷன் ரூம் நாத்தத்துல இன்னும் மோசமாச்சு. மருத்துவத்தை விட்டுட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில அறிவியல் சேர்ந்தார். அங்க அவருக்குப் பாடம் எடுத்தவங்கள்ல ஒருத்தர் லார்டு ரேலி. 1885ல ஊர் திரும்பி கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

வேலை கிடைச்சது, ஆனா சம்பளத்துல ஒரு வில்லங்கம். அதே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு. போஸோட வேலை தற்காலிகம்ங்கிறதால அதுலயும் பாதி. கணக்குப் பார்த்தா மூணுல ஒரு பங்குதான் கைக்கு வரும். போஸ் சண்டை போடலை, வேலையை விடவும் இல்லை. சம்பளத்தைத் தொடவே மாட்டேன்னுட்டார். மூணு வருஷம் ஒரு பைசா வாங்காம ஒழுங்கா கிளாஸ் எடுத்தார். அப்போ அப்பா தொழில் தொடங்கி நஷ்டப்பட்டுக் கடன்ல இருந்த நேரம், அதையும் போஸ்தான் அடைக்க வேண்டியிருந்தது. கடைசியில நிர்வாகம் இறங்கி வந்து வேலையை நிரந்தரமாக்கி, மூணு வருஷத்து முழுச் சம்பளத்தையும் மொத்தமாக் கொடுத்தது.

இதுக்கு நடுவுல 1887ல அபலா தாஸைக் கல்யாணம் பண்ணினார். இவங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில அப்போ பெண்களுக்கு இடம் இல்லைங்கிறதால அபலா 1882ல சென்னை வந்து மருத்துவம் படிச்சாங்க. உடம்பு சரியில்லாம படிப்பை முடிக்க முடியலை. பின்னாடி வங்காளத்துல பெண்கல்விக்காகப் பல வருஷம் உழைச்சு 1919ல நாரி சிக்ஷா சமிதின்னு ஒரு அமைப்பையே தொடங்கினாங்க.

24 சதுர அடி லேப்

ஜெர்மனியில ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்குன்னு 1880கள் கடைசியில காட்டிட்டார். அவர் 1894ல இறந்தப்போ, ஆலிவர் லாட்ஜ் லண்டன்ல அந்த வேலையைப் பத்தி ஒரு உரை நிகழ்த்தினார். அது அச்சாகி வந்ததைப் படிச்சுட்டு போஸ் களத்துல இறங்கினார்.

அவருக்குக் கல்லூரியில கிடைச்ச இடம் சுமார் 24 சதுர அடி. நம்ம ஹாஸ்டல் ரூம் கட்டில் ஒண்ணு போட்டா நிறைஞ்சிடும். ஆராய்ச்சிக்குத் தனி நிதி கிடையாது. பகல் பூரா கிளாஸ், அதுக்கு மேலதான் ஆராய்ச்சி. கருவி செய்ய ஒரு தகரவேலைக்காரரைக் கூட வச்சுச் சொல்லிக் கொடுத்து, சொந்தக் காசுல செஞ்சார்.

இடம் சின்னதா இருந்தா என்ன செய்யலாம்? அலையையும் சின்னதாக்கலாம். ஹெர்ட்ஸ் பயன்படுத்தின அலைகள் ரொம்ப நீளமானவை. அதை வளைக்க, திருப்ப பெரிய பெரிய சாமான் வேணும். போஸ் 25 மில்லிமீட்டர்ல இருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் அலைநீளம் உள்ள அலைகளை உண்டாக்கினார். அலை குட்டியானா ஒளி மாதிரியே நடந்துக்கும். ஒரு மேஜை மேலயே அதைப் பிரதிபலிக்க வைக்கலாம், பிரிசத்துல வளைக்கலாம், போலரைஸ் பண்ணலாம்.

5 மில்லிமீட்டர்னா 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம ப்ளூடூத்தும் வைஃபையும் ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸோட அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5ஜியில பேசுற மில்லிமீட்டர் அலை, கார் முன்னாடி இருக்கிற ரேடார், கையசைவைக் கண்டுபிடிக்கிற 60 கிகாஹெர்ட்ஸ் சென்சார், இதெல்லாம் புழங்குற எல்லைக்கு போஸ் 1890கள்லயே போயிட்டு வந்துட்டார். சதுரக் குழாய் வழியா அலையை அனுப்புற வேவ்கைடு, வாய் அகன்ற ஹார்ன் ஆன்டெனா, லென்ஸ்னு மைக்ரோவேவ் லேப்ல நாம பெஞ்சு மேல பார்க்கிற பல சாமான்களோட மூதாதையர் அந்தத் தகரவேலைக்காரர் கையில உருவானதுதான்.

பொருளுக்கும் அவர் எங்கயும் தேடி அலையலை. சணலை முறுக்கி வச்சு, அலையோட போலரைசேஷன் தளம் அந்த முறுக்குக்கு ஏத்த மாதிரி திரும்புதான்னு பார்த்தார். பிராட்ஷா ரயில்வே டைம்டேபிள் புத்தகத்துப் பக்கங்களுக்கு நடுவுல ஈயத்தாளைச் செருகி அதையே போலரைசர் ஆக்கினார். காம்போனென்ட் டெலிவரி லேட்டாகுதுன்னு புராஜெக்ட் ரிவ்யூவைத் தள்ளிப்போடுற நாம கொஞ்சம் யோசிக்கணும்.

மணி அடிச்சது, மருந்து வெடிச்சது

1895ல கல்கத்தா டவுன் ஹால்ல பொதுமக்கள் முன்னாடி அவர் செஞ்சு காட்டினதுதான் நம்ம விஷயத்துக்கு ரொம்பக் கிட்ட வருது. ஒரு இடத்துல அலையை உண்டாக்குற கருவி. நடுவுல சுவர்கள். வங்காளத்து லெப்டினன்ட் கவர்னரோட கனத்த உடம்பும் நடுவுல ஒரு தடையா இருந்தது. சுமார் 75 அடி தள்ளி இன்னொரு அறையில வாங்குற கருவி. இங்க ஸ்விட்சைப் போட்டதும் அங்க மணி அடிச்சது, கொஞ்சம் வெடிமருந்தும் வெடிச்சது. கம்பி கிடையாது. இங்க ஒரு கட்டளை, அங்க ஒரு செயல். கீபோர்டுல எழுத்தைத் தட்டினா டப்பா மேல இருக்கிற சக்கரம் சுத்துதே, அதோட ஆதி வடிவம் இது.

மூணு வருஷம் கழிச்சு, 1898ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நிகோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணியில சின்னப் படகை ரேடியோ அலையால ஓட்டியும் திருப்பியும் காட்டினார். ரிமோட்ல நகர்ற முதல் ரோபோன்னு பல பேர் சொல்றது அந்தப் படகைத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி இருந்தது. அது வாங்குற முனை.

கோஹீரர்னு ஒரு தலைவலி

அந்தக் காலத்து ரிசீவரோட பேர் கோஹீரர். பிரான்ஸ்ல பிரான்லி 1890ல கண்டுபிடிச்சது. கண்ணாடிக் குழாய்க்குள்ள உலோகத் தூள். சாதாரணமா கரண்டை விடாது. மின்காந்த அலை பட்டதும் தூள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், மின்தடை சடார்னு குறையும், கரண்ட் ஓடும், மணி அடிக்கும். பிரமாதம். ஆனா அலை நின்ன பிறகும் தூள் ஒட்டினபடியேதான் இருக்கும். அடுத்த சிக்னல் வந்தா அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் சின்னச் சுத்தியால குழாயைத் தட்டி உதிர்க்கணும். டெஸ்லாவோட படகுல சிக்னலுக்கு ஒரு தடவை குழாயையே கவிழ்த்துப் போடுற ஏற்பாடு இருந்தது.

நம்ம ரோபோவுலயும் இது அப்படியே உண்டு. முன்னாடி போன்னு ஒரு எழுத்தை அனுப்புறோம். ரோபோ வாங்கிக்குது, ஓடுது. அந்த நேரத்துல ப்ளூடூத் அறுந்துடுச்சுன்னா? கடைசியா வாங்கின கட்டளையையே பிடிச்சுக்கிட்டு ஓடிப்போய் சுவத்துல முட்டும். தூள் ஒட்டினபடியே நின்ன கோஹீரர்தான் அது. அதனாலதான் கோடுல ஒரு டைமர் வைக்கச் சொல்றாங்க. அரை வினாடிக்குள்ள புதுக் கட்டளை வரலைன்னா மோட்டாரை நிறுத்திட்டு, அடுத்ததுக்குக் காத்திருக்கணும்.

போஸ் இந்தத் தலைவலியை விடாம துரத்தினார். முதல்ல தூளுக்குப் பதிலா சின்னச் சின்ன எஃகு ஸ்பிரிங் சுருள்களை அடுக்கி வச்சார். ஸ்க்ரூவைத் திருகினா ஸ்பிரிங்குகள் ஒண்ணை ஒண்ணு தொடுற அழுத்தத்தை நுணுக்கமா மாத்தலாம். வங்காளத்து ஈரக்காத்துல எஃகு துருப்பிடிச்சதும் அது மேல கோபால்ட் பூசினார். உப்புக் காத்துல வாங்கி ஆறு மாசத்துல கனெக்டர் பச்சை பிடிக்கிற கடற்கரை ஊர்க்காரங்களுக்கு அந்த வேலையோட அருமை தெரியும். 1899ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. தட்டாமலே, தானாவே பழைய நிலைக்குத் திரும்புற கோஹீரர் பத்தியது. அதுல ஒரு வகை இரும்பும் பாதரசமும் சேர்ந்தது.

1901 டிசம்பர்ல மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டதா அறிவிச்சார். அப்போ அவர் வச்சிருந்த ரிசீவர்கள்ல இரும்பு-பாதரச வகையும் ஒண்ணு. அதோட மூலம் போஸோட 1899 கட்டுரைதான்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஆதாரங்களோட வாதாடுறாங்க. இதை வச்சு மார்க்கோனி திருடிட்டார்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அனுப்ப வேண்டாம். கடல் தாண்டித் தந்தி அனுப்புற வியாபாரத்தைக் கட்டி எழுப்பினது மார்க்கோனிதான், அதுல சந்தேகம் இல்லை. போஸுக்கு அந்த நோக்கமே கிடையாது.

கண்டுபிடிச்சதுக்குப் பூட்டுப் போடாதவர்

1897 ஜனவரி 29, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல வெள்ளிக்கிழமை மாலை உரை. ஃபாரடே பேசின அதே மண்டபம். கல்கத்தாவுல இருந்து கொண்டுபோன சின்னக் கருவிகளை வச்சு போஸ் எல்லாத்தையும் செஞ்சு காட்டினார். எப்படிச் செஞ்சதுன்னு எதையும் மறைக்கலை. அப்போ இதை வச்சுப் பணம் பண்ண எத்தனையோ பேர் தயாரா இருந்தாங்க. 1901ல ஒரு தந்தி கம்பெனிக்காரர் பேடன்ட் எடுக்கச் சொல்லி ரொம்ப வற்புறுத்தினார். போஸ் மறுத்ததை நண்பர் தாகூருக்குக் கடிதத்துல எழுதியிருக்கார்.

சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் விடலை. அவங்க வற்புறுத்தலால 1901ல அமெரிக்காவுல விண்ணப்பம் போட்டு, 1904 மார்ச் 29ல ஒரு பேடன்ட் கிடைச்சது. எண் 755840. கலீனாங்கிற ஈயத்தாதை வச்சு அலையைக் கண்டறியற கருவி. குறைகடத்திச் சாதனத்துக்குக் கிடைச்ச முதல் பேடன்ட்களில் ஒண்ணு இது. டயோடு, டிரான்சிஸ்டர்னு பிறகு வந்த பெரிய குடும்பத்துக்கு ஒரு முன்னோடி. வாங்கி வச்சுட்டு அதுல இருந்து காசு பார்க்க போஸ் எதுவும் பண்ணலை, காலம் முடிஞ்சு தானா காலாவதி ஆச்சு.

இது சரியான முடிவான்னு நம்ம கிளாஸ்லயே சண்டை வரும். ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கப் போறவங்க தலையில கை வைப்பாங்க. பேடன்ட் எடுத்திருந்தா அந்தப் பணத்துல இந்தியாவுல பெரிய லேப் கட்டியிருக்கலாம், பேரும் நிலைச்சிருக்கும். அந்த வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா இன்னொண்ணையும் பாருங்க. நாம இன்னைக்கு ஆர்டுயினோ சர்க்யூட்டை இலவசமாப் பார்த்து, யாரோ எழுதின லைப்ரரியை டவுன்லோடு பண்ணித்தான் ரோபோவையே ஓட்டுறோம். ஒருத்தர் திறந்து வச்சதாலதான் இன்னொருத்தருக்குக் கிடைச்சது.

களைச்சுப்போன இரும்பு

1900 வாக்குல போஸ் பாதை மாறினார். அதுக்கும் காரணம் ரிசீவர்தான். தொடர்ந்து சிக்னல் வாங்கினா அந்தக் கருவிகள் மந்தமாகுறதைக் கவனிச்சார். கொஞ்ச நேரம் சும்மா விட்டா மறுபடி சுறுசுறுப்பாகுது. அந்த வரைபடம் களைச்சுப்போன தசையோட வரைபடம் மாதிரியே இருந்தது. உலோகத்துக்கே இப்படின்னா செடிக்கு எப்படி இருக்கும்? அந்தக் கேள்விதான் அவரைத் தாவரங்கள் பக்கம் கொண்டுபோச்சு. 1902ல இது பத்தி ஒரு புத்தகமே போட்டார். செடி வளர்றதைப் 10,000 மடங்கு பெருசாக்கிக் காட்டுற கிரெஸ்கோகிராஃப் பிறகு வந்தது.

உடலியல் அறிஞர்கள் ஒத்துக்கலை. ஒரு இயற்பியல்காரன் எங்க தோட்டத்துல என்ன பண்றான்ங்கிற மாதிரிதான் எதிர்ப்பு இருந்தது. ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை வெளியிடாம வச்சது. அவர் சொன்ன எல்லாம் நிலைக்கவும் இல்லை. செடிக்கும் விலங்குக்கும் அவர் போட்ட ஒப்புமைகள் சிலது அளவுக்கு மீறினதுதான். ஆனா செடிக்குள்ள மின் சிக்னல் ஓடுறதுங்கிற அடிப்படை இன்னைக்குத் தாவரவியல்ல ஏத்துக்கப்பட்ட விஷயம். அதே ராயல் சொசைட்டி 1920ல அவரை உறுப்பினராச் சேர்த்துக்கிச்சு.

1917ல சர் பட்டம். அதே வருஷம் நவம்பர் 30, தன்னோட பிறந்தநாள்ல, கல்கத்தாவுல போஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்து வச்சார். இங்க கண்டுபிடிக்கிறது எல்லாம் பொதுச்சொத்து, யாரும் பேடன்ட் எடுக்க மாட்டோம்னு அன்னைக்கே அறிவிச்சார். வங்காளியில அறிவியல் எழுதுறதையும் விடலை. 1896லயே வங்காளியில ஒரு அறிவியல் கதை எழுதினவர், 1921ல தன் வங்காளிக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1937 நவம்பர் 23ல கிரிடீல இறந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா 79 முடிஞ்சிருக்கும். 2012ல ஐஇஇஇ அமைப்பு அவரோட மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஒரு மைல்கல்லா அறிவிச்சு பிரசிடென்சியில கல்வெட்டு வச்சது.

நவம்பர் 30, கடியப்பட்டணத்துல

நவம்பர் 30ங்கிற தேதியை நான் சும்மா ரெண்டு தடவை சொல்லலை. போஸ் நிறுவனம் திறந்து சரியா நூறு வருஷம் கழிச்சு, 2017 நவம்பர் 30ல ஒக்கிப் புயல் குமரிக் கடலுக்கு வந்தது. எங்க ஊர் உட்பட இந்தக் கடற்கரை முழுக்க அந்த நாளை மறக்காது. புயல் உருவாகுதுங்கிற எச்சரிக்கை வர்றதுக்குப் பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போன படகுகள் நிறைய. படகுல இருந்த வயர்லெஸ் செட் பெரும்பாலும் பார்வைக் கோட்டுத் தூரத்துக்குத்தான் எட்டும். கரையில இருந்து என்ன சொன்னாலும், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவங்களுக்குப் போய்ச் சேர வழி இல்லை. திரும்பி வராதவங்க குடும்பங்கள் இந்த மாவட்டத்துல ஊர் ஊரா இருக்கு.

செயற்கைக்கோள் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, வானிலை மையம் இருந்தது. அனுப்புற முனையில இவ்வளவு இருந்தும், வாங்குற முனையில ஒரு வள்ளத்துல நிக்கிற மனுஷன் கையில எதுவும் இல்லை.

அதுக்கப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்தது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டு வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியா வர்ற எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலமா மீனவரோட செல்போனுக்குக் கொடுக்கும். ஆமா, நம்ம ரோபோவுல இருக்கிற அதே ப்ளூடூத்தான். ஆனா அது ஒருவழிப் பாதை. கடல்ல இருந்து பதில் சொல்ல முடியாது. பிறகு இஸ்ரோ தொழில்நுட்பத்துல, படகுல இருந்தும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்கள் வர ஆரம்பிச்சிருக்கு. கோஹீரரைத் தட்டித் தட்டி உதிர்த்த காலத்துல இருந்து இது ஒரே வேலையோட தொடர்ச்சிதான்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்பு தேடுற ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் லைன் ஃபாலோவர், தடையைப் பார்த்து ஒதுங்குற ரோபோ, ப்ளூடூத் கார்னு அதே மூணைத்தான் செய்றோம். செய்யுங்க, கை பழகும். அதுக்கு அடுத்த படியா வாங்குற முனையை எடுத்துக்கோங்க. ஈரக் கையால அமுக்கினா வேலை செய்யுமா? உப்புத்தண்ணி தெறிச்சா தாங்குமா? அவுட்போர்டு என்ஜின் சத்தத்துல அலாரம் காதுல விழுமா? எச்சரிக்கை தமிழ்ல, அதுவும் கடல்காரங்க சொல்ற காத்துப் பேரோட வருமா? சிக்னல் அறுந்து மறுபடி கிடைச்சா தானா சேர்ந்துக்குமா? இந்த அஞ்சு கேள்வியில எதுக்குப் பதில் கண்டுபிடிச்சாலும் அது ஒரு நல்ல புராஜெக்ட்.

பதிலை லேப்ல மட்டும் தேடினா கிடைக்காது. கடியப்பட்டணமோ குளச்சலோ தூத்துக்குடியோ, பக்கத்துல இருக்கிற ஒரு கரைக்குப் போய் வலை பின்னுறவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உட்காருங்க. எதுவும் விளக்கப் போக வேண்டாம், கேளுங்க. போஸ் தன் அறிவியலை ஆரம்பிச்ச இடமும் அப்படி ஒரு இடம்தான்.